கேட்டு எடுக்கும் முகங்கள்

அன்புள்ள ஐயா,

திருகோணமலை பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் உள்ள பழைய கடைக்காரர்களைப் படம் எடுத்து வருகிறேன். பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். இவர்களுக்குப் பிறகு கடைகளைத் திறக்க ஆளில்லை. ஆனால் ‘ஒரு படம் எடுக்கட்டுமா’ என்று கேட்டதும் சட்டையை இழுத்துவிட்டு விறைப்பாக நிற்கிறார்கள். கேட்காமல் எடுத்தால்தான் இயல்பாக வருகிறது. பொது வீதிதானே, கேட்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள நண்பருக்கு,

கேட்கத்தான் வேண்டும். நீங்கள் எடுக்கும் மனிதர்களின் வயதைப் பாருங்கள். போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் வரிசையாக நின்று, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடந்து போன தலைமுறை அது. அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் இரவு வீடு திரும்புவது நிச்சயமில்லை என்ற காலத்தில் கடை நடத்தியவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று தங்கள் முகத்தைப் பதிந்துகொண்டு போனால் அவர்களுக்கு என்னென்ன நினைவு வரும்? சட்டம் இடம் கொடுக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது.

விறைப்பைப் பற்றி எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. பிரதான வீதியில் ஒரு தையற்காரரிடம் படம் கேட்டேன். ‘கொஞ்சம் பொறுங்கள் தம்பி’ என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து மேசையில் சுருட்டி வைத்தார். மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து நேரே பார்த்தார். எடுத்தேன். அதற்குள் ஒரு பையன் பள்ளிக்கூடக் காற்சட்டையைக் கொண்டுவந்தான். அவர் மடிப்பைப் பிரித்து, ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி நூல் கோத்தார். அதையும் எடுத்தேன். நீங்கள் தேடும் இயல்பு இரண்டாவது படத்தில் இருந்தது. அது கேட்ட பிறகு வந்த இயல்பு. நான் அங்கேயே உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது. ஆனால் அவர் கேட்டு வாங்கிக்கொண்டது முதலாவதை.

ஏன் என்று யோசியுங்கள். 2017 முதல் வடக்கு கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரங்களில் ஏந்தி நிற்கும் படங்களைக் கவனித்திருப்பீர்கள். அடையாள அட்டைக்கு எடுத்தவை, கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. நேரே பார்க்கும் ஒரு நல்ல முகப்படம் வீட்டில் இருக்க வேண்டும் என்பதன் பெறுமதி இந்த ஊருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். முதல் படத்தை அவர்களுக்காக எடுங்கள், முழுக் கவனத்தோடு.

வெளிச்சம் கடை வாசலிலேயே இருக்கிறது. தகரத் தாழ்வாரத்துக்கு உள்ளே ஓரடி தள்ளி உட்காரச் சொன்னால் வீதியின் ஒளி முகத்தில் மெதுவாக விழும், பின்னால் கடை இருட்டாக நிற்கும். மாறாக வெயில் எரிக்கும் வீதியை அவருக்குப் பின்னால் வைத்தால், கமெரா அந்த வெளிச்சத்தைக் குறைத்து எல்லாவற்றையும் நடுச்சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். நம் முகங்கள் கரியாகிவிடும். அப்போது முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் கமெராவால் அளந்து எடுங்கள், வீதி வெளுத்தாலும் பரவாயில்லை. அகன்ற லென்ஸை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெருத்துவிடும்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமானது: பெயர். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற படப்பிடிப்பாளர் இங்கிலாந்தில் விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் எடுத்தவர். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்தார். இங்கே அவர் எடுத்த படங்கள் அழகானவை. ஆனால் அவற்றில் இருக்கும் பெரும்பாலானோர் யார் என்று எழுதிவைக்கப்படவில்லை. அங்கே டார்வின், இங்கே ‘ஒரு பெண்’. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே பெயர், தொழில், கடை திறந்த ஆண்டு எல்லாவற்றையும் கேட்டு, அவர் சம்மதித்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படமே வேண்டாம் என்றால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். கடதாசியில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். காலையில் வியாபார நேரம், போக வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீதி ஓய்ந்திருக்கும்போது போனால் ஆறுதலாக இருந்து பேசுவார்கள்.