முதலில் ஃபேனைச் சரிபண்ணுங்கள்

கேள்வி: மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக இருக்கும் மோனோபிளாக் பம்ப் செய்யும் கம்பெனி வைத்திருக்கிறேன். எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். புது மாடலுக்கு எல்லோரிடமும் யோசனை கேட்கலாமே என்று ஒரு பெட்டி வைத்தேன். ஆறு மாதமாக அதில் விழுவதெல்லாம் டீ சரியில்லை, ஃபேன் ஓடவில்லை என்ற புகார்தான். டிசைனை இன்ஜினீயர்களோடு நிறுத்திக்கொள்ளலாமா?
- கோவை வாசகர்

பதில்: வேண்டாம். முதலில் அந்த ஃபேனைச் சரிபண்ணுங்கள். கிண்டல் இல்லை. ஃபேனுக்கே அசையாத முதலாளி, பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரையா மாற்றப்போகிறார் என்றுதானே நினைப்பார்கள்?

நான் பார்த்த ஒரு மோட்டார் கம்பெனியில், கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் இருந்த அம்மா ஒருவர் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார். கம்பிச் சுருளை, அதாவது காயிலை, மோட்டாரின் இரும்புப் பள்ளமான ஸ்லாட்டில் இறக்கும்போது அதன் வாயில் கம்பி உரசி, மின்கசிவைத் தடுக்கும் இனாமல் பூச்சு போய்விடும்; அதற்குத் தடுப்பாம். ஏன் உரசுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், ஸ்லாட் உள்ள இரும்புத் தகடான ஸ்டாம்பிங்கில் பிசிறு. அதை வெட்டும் அச்சான பிரஸ் டை மழுங்கியிருந்தது. மோட்டார் ஏன் எரிகிறது என்று மேலே மீட்டிங் மேல் மீட்டிங் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவரும் அதை ஒரு யோசனையாக நினைத்து எழுதிப் போட்டிருக்க மாட்டார். பெட்டியில் இதெல்லாம் வராது சார், பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும்.

பெட்டியே வீண் என்று சொல்லவில்லை. 1950-ல் அமெரிக்கா போன டொயோட்டாவின் எய்ஜி டொயோடா, ஃபோர்டு கம்பெனியில் தொழிலாளர் யோசனைத் திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். 1951-ல் டொயோட்டாவிலும் அது தொடங்கியது, இன்றும் நடக்கிறது. நம் ஊரிலேயே, சென்னை பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், தர நிர்வாகத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியக் கம்பெனிகளில் அதுதான் முதல். அந்தப் பரிசுக்குப் பார்க்கும் தர நிர்வாகத்தில் எல்லாத் தொழிலாளர்களின் பங்கும் ஒரு அங்கம்.

வருகிற யோசனைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றாலும் காரணத்தோடு, நேரில். சூப்பர்வைசர் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்; தன் லைனில் குறை இருப்பது வெளியே தெரிவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இதைவிட முக்கியம் இன்னொன்று. யோசனையால் பத்து நிமிஷ வேலை ஏழு நிமிஷமானால், அதைக் காட்டி ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டைக் குறைக்காதீர்கள், ஆளையும் குறைக்காதீர்கள். ஒரு தடவை செய்தால் போதும், அப்புறம் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் செய்வதுதான் நியாயம்.

புது மாடல் என்கிறீர்கள். டிராயிங்கை முடிவு பண்ணுவதற்கு முன்னால் முதல் பம்ப்பை உங்கள் சர்வீஸ் மெக்கானிக்கிடம் கொடுத்து, தண்ணீர் மோட்டார் பக்கம் கசியாமல் தடுக்கும் வாட்டர் சீலைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். அவர் எத்தனை ஸ்பேனர் எடுக்கிறார், எந்த போல்ட்டுக்குக் கை நுழையவில்லை என்பதை டிராயிங் போட்ட இன்ஜினீயர் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளட்டும்.