ஹவானாவில் கூரை திறந்த கார்: காசு கொடுக்கும் முன்

கியூபா போய் வந்தவர்களும் போகக் கிளம்பியிருப்பவர்களும் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஐம்பதுகளின் அமெரிக்கக் காரில், கூரை திறந்தபடி, ஹவானாவைச் சுற்றிப் பார்ப்பது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: திருமண நாளுக்காக இணையத்தில் இரண்டு மணி நேரச் சவாரி பதிவு செய்தோம். ஆளுக்கு 65 யூரோ. வண்டி ஏறும் இடத்தில், பக்கத்துக் காரில் நான்கு பேர் உள்ள குடும்பம் மொத்தமாகவே எங்களைவிடக் குறைவாகப் பேசி ஏறியது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விலை அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் கிடைக்காது. ஒப்புக்கொண்டுதான் கட்டியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆதங்கத்தில் முழு நியாயம் இருக்கிறது.

மத்தியப் பூங்காவைச் சுற்றியும், 1929இல் கட்டி முடித்த கேபிடல் கட்டடத்துக்கு எதிரிலும் வரிசையாக நிற்கும் கார்களில் விலை பேசுவது வண்டிக்கும் மணிக்கும்தான். இருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் ஒரே தொகை. மணிக்கு 30 முதல் 50 டாலர் வரை என்பது பயணிகள் வழக்கமாகக் கொடுத்துவந்த அளவு. இடைத்தரகர் அதை ஆள் கணக்காக மாற்றும்போதுதான் தொகை வீங்குகிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் சரிபாருங்கள். சொன்ன கார் வந்ததா? இரண்டு மணி நேரம் முழுதாக ஓடியதா? கைபேசியில் எடுத்த முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் நேரம் பதிவாகியிருக்கும். முக்கால் மணி குறைந்திருந்தால் அந்தப் படங்களோடு இன்றே தளத்துக்கு எழுதுங்கள். விலையைப் பற்றிப் புலம்பாதீர்கள். குறைந்த நேரத்துக்கான பணத்தைக் கேளுங்கள், அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கேள்வி: ஒரு மணி நேரம் போதுமா, இரண்டு எடுக்கலாமா?

பதில்: ஒன்று போதும். துறைமுகச் சுரங்கப்பாதை வழியாக மொரோ, கபானா கோட்டைகளுக்குப் போவதாக எழுத்தில் இருந்தால் மட்டும் இரண்டு.

கேள்வி: ஓட்டுநர் தன் காரை “ஒரிஜினல் 1955 கன்வர்ட்டிபிள்”, அதாவது கூரையை மடித்துத் திறக்கும் கார் என்றார். நான்கு கதவு, பளபளவென்று சிவப்பு. ஊர் திரும்பிய பிறகு, அந்த மாடலில் நான்கு கதவு கன்வர்ட்டிபிளே கிடையாது என்கிறார் நண்பர். உண்மையா? அது அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: நண்பர் சொன்னது சரி. விஷயமும் பெரியதுதான். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் அமெரிக்கக் கன்வர்ட்டிபிள்கள் இரண்டு கதவு கொண்டவை. நான்கு கதவில் ஃப்ரேஸர் நிறுவனம் 1951 வரை சிறு எண்ணிக்கையில் செய்தது. அதன்பின் 1961இல் லிங்கன் கான்டினென்டல் வரும்வரை அமெரிக்காவில் அப்படி ஒன்று உற்பத்தியில் இல்லை. ஆக, 1955 என்று சொல்லி நான்கு கதவோடு நிற்கும் திறந்த கார், சாதாரணக் குடும்பக் காரின் கூரையை அறுத்து எடுத்தது. ஹவானாவில் இப்படி அறுத்தவை நிறைய ஓடுகின்றன. சுற்றுலாப் பயணி திறந்த காருக்குத்தான் கூடுதலாகக் கொடுப்பார் என்பதால் அறுக்கிறார்கள்.

எனக்கும் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பதிவுப் பக்கத்தில் இளநீல நிறத்தில் இரண்டு கதவு செவ்ரோலே பெல் ஏர் படம், வந்து நின்றது கூரை அறுத்த நான்கு கதவு வண்டி. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் “வாகனம் மாறுபடலாம்” என்று இருந்ததாம். முழுக் கட்டணமும் முன்பே போய்விட்டது.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பின் இருக்கைக்குப் பின்னால் மடித்த துணிக்கூரை ஒரு உறைக்குள் பொதிந்து கிடக்க வேண்டும். முன் கண்ணாடியின் மேல் சட்டத்தில், அந்தக் கூரையை இழுத்து மாட்டும் கொக்கிகளுக்கான இடம் இருக்க வேண்டும். அறுத்த வண்டியில் அந்தச் சட்டம் மொட்டையாக, பட்டி பூசி வண்ணம் அடித்திருக்கும். பிறகு கதவின் பின்விளிம்பைப் பாருங்கள். கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி கீழே ஒரு அளவும் மேலே ஒரு அளவுமாக இருந்தால், வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. கூரையும் சேர்ந்துதான் காருக்கு விறைப்பைக் கொடுக்கிறது. அதனால்தான் கன்வர்ட்டிபிளுக்குத் தொழிற்சாலையிலேயே அடிச்சட்டத்தைக் கூடுதலாக வலுப்படுத்தினார்கள். அறுப்பவர் அதை எல்லாம் செய்வதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது கதவு தானாகத் திறந்துகொண்டால் யார் பொறுப்பு? மழை வந்தால் மூட எது இருக்கிறது?

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ரஷ்ய எஞ்சினோ ஜப்பானிய டீசல் எஞ்சினோ இருப்பதைக் குறையாக எழுதியிருந்தார் வேறொரு வாசகர். அதை நான் ஏற்கமாட்டேன். 1960இல் தொடங்கி 1962இல் முழுமையான அமெரிக்க வணிகத் தடைக்குப் பிறகு அந்த ஊருக்கு அமெரிக்க உதிரிபாகம் நேர்வழியில் வரவே இல்லை. 1959 புரட்சிக்கு முந்தைய கார்களை மட்டுமே மக்கள் சுதந்திரமாக வாங்கி விற்கலாம் என்ற விதி 2011 வரை இருந்தது. கிடைத்த எஞ்சினைப் பொருத்தி, இல்லாத பாகத்தைக் கையால் கடைந்து, அறுபது ஆண்டுக்கு மேலாக ஓடவைத்திருப்பது அந்த மெக்கானிக்குகளின் சாமர்த்தியம். அதை மறைக்காமல் சொல்கிற ஓட்டுநர் நேர்மையானவர். அறுத்த காரைக்கூட “அறுத்தது” என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் எனக்கு வழக்கில்லை. “ஒரிஜினல்” என்று சொல்லிக் கூடுதல் வாங்குவதுதான் குற்றம். “மாறுபடலாம்” என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் தரகர்தான் என் முதல் எதிரி.

பதிவு செய்யும்போது கேளுங்கள்: எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எத்தனை கதவு, மூடும் கூரை உண்டா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: சவாரி முடிந்து இறங்கும்போது ஓட்டுநர் 100 டாலர் கேட்டார். சண்டை போட்டு 80 கொடுத்தேன். ஏறும்போது விலை பேசவில்லை, நல்ல மனிதராகத் தெரிந்தார்.

பதில்: விலை பேசாமல் ஏன் ஏறினீர்கள்? நல்ல மனிதராகத் தெரிவது விலைப்பட்டியல் ஆகாது. ஏறும் முன் மூன்று வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. எவ்வளவு, எந்தப் பணத்தில், எத்தனை நிமிடம்? “நாற்பது” என்றால் டாலரா, யூரோவா என்று கேட்டு, கைபேசியில் எண்ணைத் தட்டி அவரிடம் காட்டித் தலையசைப்பு வாங்குங்கள். எரிபொருளும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள். அங்கே பெட்ரோல் தட்டுப்பாடு நெடுநாளாக இருக்கிறது, அதைச் சொல்லிப் பாதியில் கூடுதல் கேட்பவர்கள் உண்டு. தட்டுப்பாடு உண்மைதான். அதற்காகப் பேசிய பிறகு விலையை ஏற்றக்கூடாது.

கேள்வி: சமூக ஊடகத்தில் ஒருவர் தன் காரின் படங்களை அனுப்பினார். இடம் பிடித்துவைக்க 90 யூரோவை வேறு நாட்டிலுள்ள “மைத்துனர்” கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஹவானாவில் இறங்கியதும் எண் அணைந்துவிட்டது. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. நம்பிக்கை வரவழைப்பதையே தொழிலாக வைத்திருப்பவனிடம் மாட்டியிருக்கிறீர்கள். வீட்டில் முதலில் சொல்லுங்கள், மனப்பாரமாவது குறையும்.

அடுத்து உங்கள் வங்கிக்கு இன்றே புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்ப இழுக்கும் சார்ஜ்பேக் வழி உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பியிருந்தால் மீட்பது கடினம். ஆனாலும் பெற்றவர் கணக்கு ஒரு வங்கியில் இருக்கிறது, அந்த வங்கிக்குத் தகவல் போனால் அடுத்தவர் தப்பலாம். உரையாடல், படங்கள், கணக்கு எண் எதையும் அழிக்காதீர்கள். அவர் அனுப்பிய கார் படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு யாரோ எடுத்த படமாக இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

மற்றவர்களுக்கு: காரும் ஓட்டுநரும் கியூபாவில், பணம் மட்டும் இன்னொரு நாட்டில் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அந்த ஊரில் கார்கள் தெருவில்தான் நிற்கின்றன. முன்பணம் இல்லாமலே ஏறலாம்.

கேள்வி: அமெரிக்க வங்கியின் கார்டு போதுமா?

பதில்: அங்கே வேலை செய்யாது. யூரோவாகவோ டாலராகவோ ரொக்கம் கொண்டுபோங்கள், சிறு நோட்டுகளாக.

கேள்வி: சவாரிக்கு 50 யூரோ நோட்டு கொடுத்தேன். மீதியாகக் கிடைத்த உள்ளூர் நோட்டுகளை எந்தக் கடையும் வாங்கவில்லை.

பதில்: செல்லாத நோட்டு கொடுத்திருக்கிறார்கள். கியூபாவில் பெசோ என்ற பெயரிலேயே இரண்டு வகைப் பணம் புழக்கத்தில் இருந்தது. அவற்றில் கன்வர்ட்டிபிள் பெசோ (காருக்கும் இதற்கும் தொடர்பில்லை, வெளிநாட்டுப் பணத்துக்கு மாற்றும் பெசோ என்று பொருள்) 2021இல் ஒழிக்கப்பட்டது. இன்றும் அதைச் சுற்றுலாப் பயணியிடம் தள்ளிவிடுகிறார்கள். நோட்டில் நினைவுச்சின்னத்தின் படம் இருந்தால் அது பழையது. செல்லும் பெசோவில் தலைவர்களின் முகம் இருக்கும். தெரியாத பணத்தைப் புதிதாக வந்து இறங்கியவர் கையில் திணிப்பது எனக்குப் பொறுக்காத செயல். உங்கள் நோட்டுக்கு இனி மதிப்பு இல்லை என்பதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை சரியான தொகையை எண்ணிக் கொடுங்கள், மீதி வாங்கும் வேலையே வேண்டாம்.

கேள்வி: வழியில் ஓட்டுநர் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். “கூட்டுறவுத் தொழிலாளர்கள் இன்று ஒருநாள் மட்டும் பாதி விலையில் விற்கலாம்” என்று சொல்லி ஒரு பெட்டி சுருட்டை விற்றார்கள். அசல்தானா?

பதில்: இல்லை. அந்த “இன்று ஒருநாள்” வருடம் முழுக்க நடக்கிறது. நானும் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். மேல் அடுக்கில் ஒழுங்கான சுருட்டு, கீழ் அடுக்கில் உதிர்ந்த இலைத்தூள். அசல் பெட்டியில் அரசின் உத்தரவாத முத்திரையும் ஹாலோகிராமும் இருக்கும், கடை ரசீது தரும். ஓட்டுநருக்கு அங்கே கமிஷன் உண்டு, கடையில் நின்ற நேரமும் உங்கள் மணிக்கணக்கில்தான் ஓடுகிறது. ஏறும்போதே “கடை வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகிறோம். குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோனால் மாட்டித் தருவார்களா?

பதில்: மாட்ட இடம் இருக்காது. அமெரிக்காவில் சீட் பெல்ட் கட்டாயமானது 1968இல்தான். இந்தக் கார்கள் அதற்கு முந்தியவை. பின்னால் ஒரே நீள இருக்கை, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதாதீர்கள், சடன் பிரேக்கில் எந்தக் கையும் தாங்காது. நிற்கும் காரில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு, மூடிய புதிய டாக்சியில் போங்கள்.

கேள்வி: ஜூலையில் போகிறோம். எந்த நேரம் நல்லது?

பதில்: காலை, ஒன்பது மணிக்குள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும். நண்பகலில் தலைக்கு நேர் மேலே வெயில். அந்தப் பழைய இருக்கைகளின் ரெக்சின் தொடையைச் சுட்டுவிடும், ஒரு துண்டு கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு: வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும் நாட்களில் மலேகோன் கடற்கரைச் சாலையில் அலை சுவர் தாண்டி விழும், சாலையை மூடிவிடுவார்கள். பாதை மாறினால் கட்டணம் என்ன என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அடுத்த வருடம் அமெரிக்காவில் அக்கா மகள் திருமணம். கியூபா போய் வந்தால் ஏதாவது சிக்கலா?

பதில்: உண்டு. 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போனவர்களுக்கு எஸ்டா எனும் இணைய முன்அனுமதி கிடைக்காது. தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய் விசா எடுக்க வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கும் இதே விதி. கனடியர்களுக்கு எஸ்டா தேவையில்லாததால் இந்தத் தொல்லை இல்லை. பயண முகவர் இதை உங்களிடம் சொல்லவில்லை என்றால், அவரிடம் வேறு எதுவும் வாங்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. நடக்காமல் பழைய நகரம் முழுவதையும் காரிலேயே காட்டிவிடலாம் என்று விளம்பரம் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 1982இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய ஹவானாவின் உள்பகுதிக்குள் கார் போகாது. கதீட்ரல் சதுக்கம், பழைய சதுக்கம், ஒபிஸ்போ தெரு எல்லாம் நடப்பவர்களுக்கு மட்டும். காரிலிருந்து பார்ப்பது வேறு ஹவானா: கேபிடல், பிராடோ நிழற்சாலை, சுமார் எட்டு கிலோமீட்டர் மலேகோன், ஹோசே மார்த்தி நினைவுக் கோபுரம் நிற்கும் புரட்சிச் சதுக்கம், அல்மென்டாரெஸ் ஆற்றங்கரைக் காடு. அவையும் அழகுதான், ஆனால் விளம்பரம் சொல்வது அது இல்லை.

அம்மாவுக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு மணி நேரக் கார் சவாரியைத் துறைமுகச் சாலையில், சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தின் ஓரத்தில் முடிக்கச் சொல்லுங்கள். சாலையை ஒட்டியே அந்தச் சதுக்கம் இருக்கிறது, சில அடி நடந்தால் போதும். தரை கருங்கல் பாவியது, தட்டையான செருப்பு அவசியம். அங்கிருந்து உள்தெருக்களுக்கு மிதிவண்டி ரிக்‌ஷா கிடைக்கும், விலையை முன்பே பேசுங்கள். இன்னொன்று: இரண்டு கதவு காரில் பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடித்துக் குனிந்து ஏறவேண்டும். அம்மாவை முன்னால், ஓட்டுநர் பக்கத்தில் உட்காரவையுங்கள்.