உங்கள் காதுக்கு ஒரு குறையும் இல்லை

அன்புள்ள ஐயா,

வீட்டில் நல்ல ஹை-ஃபை செட் வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பல மாதங்களாக விமர்சனங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஆம்ப்ளிஃபையரா, ஸ்பீக்கரா? எத்தனை வாட் வேண்டும்? தனி டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் கருவி), விலை கூடிய கேபிள் எல்லாம் அவசியமா? போன வாரம் ஒரு கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. “காது பழகணும் சார்” என்றார் கடைக்காரர். இவ்வளவு பணம் போட்டு வாங்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டிலிருக்கும் சின்ன ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கவும் இப்போது மனம் வருவதில்லை.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட ஒருவர் தன் காதை நினைத்து வெட்கப்படுவதைச் சில காலமாகவே அங்கங்கே பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. உங்கள் மேலும்தான். ஒரு விற்பனையாளர் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்காக, இத்தனை வருடம் கேட்டு மகிழ்ந்த காதைச் சந்தேகப்படுவீர்களா?

என் பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் செல்போன் மணி காதில் விழாது. மனிதக் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரை கேட்கும் என்பது இளமைக் கணக்கு. வயது ஏற ஏற மேல்பக்கம்தான் முதலில் போகும். அவருக்கு நிறையவே போயிருந்தது. ஆனால் ஒரு பதிவைப் போட்டால், பாடியவருக்கு அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்பதைச் சொல்லிவிடுவார். ஒருமுறை வீட்டுக்குப் புது ஸ்பீக்கர் வந்தபோது எல்லோரும் பேஸை, அதாவது கீழ்ச்சுருதி ஒலியை, புகழ்ந்துகொண்டிருந்தோம். அவர் மட்டும், “பாடுறவர் மூச்சு விடுறதே கேக்கலியே, அது எங்க போச்சு?” என்றார். மறுபடி போட்டுக் கேட்டோம். உண்மைதான். வீங்கிய பேஸ் அதை மூடியிருந்தது. அவர் ஒரு விமர்சனமும் படித்தவரில்லை. அந்தக் குரலை வருடக்கணக்காகக் கேட்டிருந்தார், அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி ஒரு குரல் இருக்குமே. கடைக்கு அதைக் கொண்டுபோனீர்களா, அவர்கள் போட்டதைக் கேட்டுவிட்டு வந்தீர்களா?

கனடாவைச் சேர்ந்த ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்பவர்களின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதையே பல வருடம் சோதித்தார்கள். 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர் கண்ணில் படும்படி வைத்து ஒருமுறையும், திரைக்குப் பின்னால் மறைத்து ஒருமுறையும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்தபோது சின்னதும் மலிவானதுமான ஸ்பீக்கருக்கு மதிப்பு இறங்கியது. மறைத்தபோது அதற்கே ஏறியது. மதிப்பெண் போட்டவர்கள் ஆடியோ நிறுவன ஊழியர்கள்! 2003-இல் ஆலிவ் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 250-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் நுணுக்கமாகவும் தடுமாறாமலும் மதிப்பெண் போட்டார்கள். ஆனால் எது நல்ல ஸ்பீக்கர் என்பதில் பயிற்சி இல்லாதவர்களும் பெரும்பாலும் அதே வரிசைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கடைக்காரர் சொன்னதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை, அவற்றின் சக்திக்குள், ஒரே ஒலியளவில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் காது நேர்மையாக வேலை செய்திருக்கிறது.

‘ஒரே ஒலியளவில்’ என்றேன் அல்லவா, அதை விடமாட்டேன். ஒரு கருவி இன்னொன்றைவிட அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் அது ‘சத்தமாக இருக்கிறது’ என்று நமக்குப் படாது. ‘தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது’ என்றுதான் படும். போதாததற்கு, ஒலியளவு குறையும்போது கீழ்ச்சுருதிகள்தான் காதுக்கு அதிகமாக மங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் கொஞ்சம் கூட்டி வைத்த செட் எப்போதும் நிறைவாகக் கேட்கும். எந்தக் கடையில் எதை ஒப்பிட்டாலும், இரண்டையும் சமமாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காதால் சமப்படுத்தினால் போதாது. சோதனை ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் அளக்கலாம். குறைந்தபட்சம் செல்போனில் டெசிபல் காட்டும் செயலியையாவது ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். இப்படிக் கேட்காத எந்த ஒப்பீட்டையும், எவ்வளவு பெரிய விமர்சகர் எழுதியிருந்தாலும், நான் கணக்கில் எடுப்பதில்லை.

கேபிளுக்குப் போதுமான தடிமன் இருந்தால் சரி. டிஏசி இப்போது வேண்டாம். வாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான், 50-க்கும் 100-க்கும் பெரிய தூரமில்லை. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள், அதாவது ஒரே அளவு சக்தி கொடுத்தால் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை. 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 90 டெசிபல் ஸ்பீக்கரைவிட நான்கு மடங்கு வாட் தேவை.

ஆக, முதலில் ஸ்பீக்கர். பணத்தின் பெரும்பங்கு அதற்கே போகட்டும். ஆனால் அதைக் கடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். 4 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 43 ஹெர்ட்ஸை ஒட்டிய சுருதி தேங்கி நிற்கும். நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்து அது இரையும், அல்லது காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் வீங்கும். கடையின் அறை உங்கள் அறை இல்லை. வீட்டுக்கு எடுத்துவந்து, சுவரிலிருந்து தள்ளி வைத்து, நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தி, தெரிந்த அந்தக் குரலைப் போட்டுச் சில நாள் கேளுங்கள். அதுவரை சின்ன ஸ்பீக்கரில் கேட்பதை நிறுத்தாதீர்கள். விமர்சனம் படிப்பதை நிறுத்துங்கள்.

பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள்.