கல்யாணம் ஆயிற்று, மெடிக்கல் எப்போது?

இந்த வாரத் தபாலில் வந்தவை எல்லாம் அமெரிக்காவைப் பற்றியே. கணவன் அங்கே, மனைவி இங்கே என்று காத்திருக்கும் வீடுகளிலிருந்து கத்தை கத்தையாகக் கடிதங்கள். கேட்பதெல்லாம் மெடிக்கலை, அதாவது விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையைப் பற்றி. விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், டெக்சாஸில் இருக்கிறார். அமெரிக்காவின் தேசிய விசா மையத்திலிருந்து ஆவணங்கள் எல்லாம் சரி என்று மெயில் வந்துவிட்டது. இன்டர்வியூ தேதி மட்டும் வரவில்லை. "சும்மாதானே இருக்கிறாய், மெடிக்கலையாவது முடித்துவை" என்கிறார் அவர். முடிக்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் கணவரின் அவசரம் புரிகிறது. ஆனால் இந்த ஒரு வேலையை முன்கூட்டி முடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மெடிக்கல் அறிக்கை பொதுவாக ஆறு மாதம் செல்லும். கையில் கிடைக்கும் குடியேற்ற விசாவின் கடைசித் தேதியை இன்டர்வியூ நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். மெடிக்கல் செய்த நாளிலிருந்து எண்ணுவார்கள். ஜனவரி 10-ஆம் தேதி மெடிக்கல் செய்துகொண்டீர்கள், இன்டர்வியூ ஜூன் நடுவில் வந்தது என்று வையுங்கள். பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வரும்போது ஜூன் முடிந்திருக்கும். ஜூலை 10-க்குள் நீங்கள் அங்கே இறங்கியாக வேண்டும். வேலையை விட, சாமான்களைக் கட்ட, டிக்கெட் எடுக்க, குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தச் சில நாட்கள்தான். இன்டர்வியூ ஜூலை 10-ஐத் தாண்டிவிட்டாலோ எக்ஸ்-ரேயும் கட்டணமும் மறுபடி முதலிலிருந்து. ஆவணங்கள் சரி என்ற மெயிலுக்கும் இன்டர்வியூ கடிதத்துக்கும் நடுவே எத்தனை மாதம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. திருமணமாகி இரண்டு வருடம் நிறையும் முன் அமெரிக்காவில் காலடி வைத்தால் நிபந்தனையோடு கூடிய இரண்டு வருட கிரீன் கார்டு கிடைக்கும். அது முடியும் தறுவாயில் கணவனும் மனைவியும் சேர்ந்து மீண்டும் ஒரு விண்ணப்பம் போட வேண்டும். இரண்டு வருடம் நிறைந்தபின் இறங்கினால் பத்து வருட கார்டு. திருமண நாள் கழிந்து போகலாமே என்று நினைத்தால், விசாவில் அதற்கு நாள் மிச்சம் இருக்க வேண்டும். அவசரப்பட்டுச் செய்த மெடிக்கல் அந்த நாட்களைத் தின்றுவிடும்.

எனவே இன்டர்வியூ கடிதம் வரட்டும். வந்த அன்றே மெடிக்கலுக்கு நேரம் வாங்குங்கள். இன்டர்வியூவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகப் பரிசோதனை அமைவது என் அனுபவத்தில் உத்தமம். ரத்தப் பரிசோதனை முடிவு வரச் சில நாளாகும், அதன்பிறகுதான் அறிக்கை தூதரகத்துக்குப் போகும். முந்தைய நாள் செய்துகொண்டு மறுநாள் மும்பையில் போய் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அறிக்கை வரும்வரை அவர்களது கோப்பு அசையாது.

எங்கே செய்துகொள்வது? உங்கள் கேஸ் நம்பர் பி.எம்.பி. என்று தொடங்கியிருக்கும். அதாவது இன்டர்வியூ மும்பையில், பாந்த்ரா குர்லா வளாகத்துத் துணைத் தூதரகத்தில். மெடிக்கலுக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். பேனல் டாக்டர் என்று சொல்வது அவர்களைத்தான். பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில், மும்பைக்கான குறிப்புகளில் இருக்கிறது. குடும்ப டாக்டர் எத்தனை பெரிய படிப்புப் படித்திருந்தாலும் அவர் சான்று இதற்குச் செல்லாது. நேரம் வாங்கும்போதே பாஸ்போர்ட், இன்டர்வியூ கடிதம், டி.எஸ்.-260 எனும் இணைய வழிக் குடியேற்ற விசா விண்ணப்பத்தின் உறுதிப்படுத்தல் பக்கம், புகைப்படம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றில் எதெதற்கு எத்தனை நகல் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு வழக்கம்.

கேள்வி: மருமகளுக்கு அடுத்த வாரம் சென்னையில் மெடிக்கல். எக்ஸ்-ரே எடுக்கத் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்களாமே? எங்கள் வீட்டில் கழற்றும் வழக்கம் இல்லை.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: சொல்வார்கள், கழற்றத்தான் வேண்டும். 15 வயது நிறைந்த எல்லோருக்கும் மார்பு எக்ஸ்-ரே கட்டாயம். அவர்கள் தேடுவது காசநோயை. அது வழக்கமாக நுரையீரலின் மேல்பகுதியில் உட்காரும். சங்கிலி விழுவதும் அங்கேதான். பொன் சங்கிலி படத்தில் வெள்ளைக் கோடாக விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தை மறைக்கும். மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக் கட்டினாலும் அதில் கோத்த தாலி பொன்தானே? தவிர, நம் பெண்கள் தாலியில் மாட்டி வைத்திருக்கும் ஊக்குகளை யார் கணக்கில் எடுப்பது! ஒரு படத்தில் வரிசையாக மூன்று ஊக்கு விழுந்திருந்ததை நானே பார்த்தேன். அந்தப் பெண்ணை மறுபடி நிற்கவைத்து எடுத்தார்கள். நீளப் பின்னலும் முதுகில் தொங்கினால் நிழல் தட்டும், கொண்டையாகத் தூக்கி முடிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

மனம் ஒப்பவில்லை என்றால் நீங்களே கூடப் போய்க் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்ததும் அங்கேயே உங்கள் கையால் அணிவித்துவிடலாம். மாமியார் கூட வந்தால் மருமகளுக்கும் தெம்பு.

கேள்வி: சிறுவயதில் போட்ட தடுப்பூசி அட்டை எங்கோ தொலைந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போது அம்மை போட்டிருந்தது. இப்போது எல்லா ஊசியும் போட வேண்டுமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: அட்டை இல்லாவிட்டால் விசா இல்லை என்று அர்த்தமில்லை, ஊசி கூடும், அவ்வளவுதான். வயது வந்தவர்களுக்கு முக்கியமாகக் கேட்பவை எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி), சின்னம்மை, டெட்டனஸ் வகை, ஹெபடைடிஸ் பி, பருவத்தில் ஃப்ளூ. பல தவணை உள்ள ஊசியில் எல்லாத் தவணையும் முடித்துக்கொண்டு வா என்று சொல்ல மாட்டார்கள். அன்றைக்குப் பொருந்தும் ஒரு தவணை போட்டால் போதும். கையில் உள்ள பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பை ஆசையாகக் காட்டாதீர்கள், அது இந்தப் பட்டியலிலேயே இல்லை.

உங்களுக்கு வந்தது சின்னம்மையா தட்டம்மையா என்று வீட்டுப் பெரியவர்களிடம் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் விட்டு வீட்டிலேயே தீர்த்துக்கொண்ட நோய்க்கு டாக்டர் சீட்டு எங்கிருந்து வரும்? சின்னம்மை என்றால் எப்போது வந்தது, கொப்புளம் எப்படி இருந்தது என்று நம்பும்படியாகச் சொன்னால் பேனல் டாக்டர் ஏற்கலாம், அந்த ஊசி தேவைப்படாது. தட்டம்மைக்கு அந்தச் சலுகை கிடையாது. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தெரிய வேண்டும், அல்லது ஊசிதான்.

செலவைக் குறைக்க உள்ளூரிலேயே சில ஊசிகளைப் போட்டுக்கொண்டு போகலாம். தேதியும் மருந்தின் பேட்ச் எண்ணும் எழுதி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி வேண்டும். ஒன்றை இங்கே போட்டு மற்றதற்குப் பத்தாம் நாள் சென்னையில் போய் நின்றால் சிக்கல்தான். அவற்றைப் போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமலும் இருக்க வேண்டும்.

கேள்வி: தம்பியின் மனைவி அமெரிக்கக் குடிமகள். தம்பிக்குக் கல்லூரியில் படிக்கும்போது காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானது. இதைச் சொன்னால் விசா போய்விடும், மறைத்துவிடு என்கிறார்கள் உறவினர்கள்.
— வாசகர், ஈரோடு

பதில்: அந்த உறவினர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பழைய காசநோய் விட்ட வடு எக்ஸ்-ரேயில் தானே தெரிந்துவிடும். வாய் ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொன்னால் பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துகொள்ளும். ஆறிப்போன நோய் தடை இல்லை, இப்போது பரவக்கூடிய நிலையில் இருந்தால்தான் தடை.

முதல் வாசகிக்குச் சொன்ன இரண்டு மூன்று வாரக் கணக்கு உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. வடு தெரிந்தால் மூன்று நாள் தொடர்ந்து காலையில் சளி கொடுக்கச் சொல்வார்கள். அந்தச் சளியைக் கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு வாரம் முன்பு போய் நின்றால் இன்டர்வியூ தேதியில் அறிக்கை தயாராக இராது. கடிதம் கிடைத்ததும் அவர்கள் தரும் முதல் நேரத்தையே வாங்கிவிடுங்கள். அப்படியும் முடிவு தாமதமானால் இன்டர்வியூவை முடித்துவிட்டு அறிக்கைக்காகக் காத்திருக்க நேரலாம், கலங்க வேண்டாம். இத்தகையவர்களுக்கு மெடிக்கல் அறிக்கை செல்லும் காலம் ஆறு மாதத்திலிருந்து மூன்றாகச் சுருங்குவதும் உண்டு, ஆகவே விசா வந்ததும் புறப்படத் தயாராக இருக்கட்டும். சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் அட்டை, மாத்திரை முடித்த சான்று, பழைய எக்ஸ்-ரே படம் ஆகியவற்றை இன்றே தேடத் தொடங்குங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் டாக்டருக்குப் பாதி சந்தேகம் தீரும்.

கேள்வி: நான் கர்ப்பமாக இருக்கிறேன். எக்ஸ்-ரே எடுக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வயிற்றை மறைத்து, உங்கள் சம்மதம் பெற்று எடுப்பார்கள். விருப்பமில்லை என்றால் பிரசவம் வரை தள்ளிப்போடலாம். ஆனால் எக்ஸ்-ரே முடியாமல் விசா வராது, குழந்தைக்கும் தனியே காகித வேலை வந்துசேரும். எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளை இப்போது போட மாட்டார்கள். எதைச் செய்வது என்பதை முதலில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

கேள்வி: மனைவிக்குச் சர்க்கரை நோய். மெடிக்கலில் தள்ளிவிடுவார்களா?
— வாசகர், வேலூர்

பதில்: அது மெடிக்கலில் தடைசெய்யும் நோய் அல்ல. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டோடு போகட்டும். வைத்தியச் செலவைத் தாங்க வழியிருக்கிறதா என்று விசா அதிகாரி பார்க்கக்கூடும். அதனால் ஸ்பான்சர் செய்பவரின் வருமானக் காகிதங்கள் வலுவாக இருக்கட்டும்.

கேள்வி: மெடிக்கல் முடிந்ததும் ஒட்டிய கவர் ஒன்று கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா?
— வாசகி, சிதம்பரம்

பதில்: பிரிக்காதீர்கள். பிரித்த கவரை ஏற்க மாட்டார்கள். பல இடங்களில் இப்போது அறிக்கையைக் கணினி வழியே நேராக அனுப்பிவிடுகிறார்கள், கவர் கொடுத்திருந்தால் அப்படியே இன்டர்வியூவுக்கு எடுத்துப் போங்கள். எக்ஸ்-ரே சி.டி. தந்திருந்தால் பயணத்தின்போது அதைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள்.