மார்புல கட்டி, நாளைக்கே ஆபரேஷன்ங்கறாங்க. ஒத்துக்கலாமா?

சிவகங்கை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அக்காவுக்கு 47 வயசு, இடது மார்புல நெல்லிக்காய் சைஸுக்குக் கட்டி, வலியே இல்ல. பக்கத்து நர்சிங் ஹோம்ல நாளைக்கே எடுத்துட்டு அப்புறமா டெஸ்டுக்கு அனுப்பலாம்ங்கறாங்க, வீட்ல பெரியவங்க ஊசி குத்துனா பரவிடும்ங்கறாங்க, என்ன பண்றதுன்னு.

நாளைக்கு வேணாம் தம்பி. அதுக்காக தீபாவளி முடியட்டும், பொண்ணு பரீட்சை முடியட்டும்னு மாசக்கணக்கா இழுக்கவும் கூடாது. வலி இல்லையேன்னு நிம்மதியாவும் இருந்துடாதீங்க, மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது.

செய்ய வேண்டியது மூணு. டாக்டர் கையால தடவிப் பாக்கணும், மேமோகிராமும் (மார்பகத்துக்குன்னே எடுக்குற எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டும் எடுக்கணும், அதுக்கப்புறம் கோர் பயாப்ஸி, அதாவது கட்டியில இருந்து ஊசியால சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட் பண்றது. மேமோகிராம் ரிப்போர்ட்ல பைராட்ஸ்னு, புற்று சந்தேகம் எவ்வளவுன்னு சொல்ற ஒரு நம்பர் இருக்கும், 4 இல்லாட்டி 5ன்னா பயாப்ஸி கட்டாயம். நம்பர் சின்னதா இருந்தாலும் கையில தட்டுப்படுற கட்டி டாக்டருக்குச் சந்தேகமா இருந்தா அப்பவும் எடுக்கணும், ஏன்னா திசு அடர்த்தியா இருக்குற மார்புல மேமோகிராம் சில சமயம் தவற விட்டுடும்.

பயாப்ஸின்னா பெருசா ஒண்ணுமில்ல, மரத்துப்போக ஊசி போட்டுட்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே பயாப்ஸி ஊசியை கட்டிக்குள்ள விட்டு, டக்குனு ஒரு சத்தம், நூல் மாதிரி மெலிசா ஒரு துண்டு வரும், இப்படி நாலஞ்சு எடுத்து, கெடாம இருக்க ஃபார்மலின் திரவத்துல போடுவாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். இதனால நோய் பரவி உயிருக்கு ஆபத்து வரும்ங்கறது உண்மை இல்ல.

புற்றுநோய்னு வந்தா அதோட நிறுத்தாதீங்க, அதே துண்டுலயே ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) மூணும் பாக்கச் சொல்லுங்க. ஹெர்2 "2+"ன்னு வந்தா அதை உறுதி பண்ண ஃபிஷ்னு ஒரு மரபணு டெஸ்ட் வேணும், செலவுன்னு பலர் இங்கதான் விட்டுடறாங்க. இந்த மூணை வெச்சுத்தான் மொதல்ல ஆபரேஷனா கீமோவான்னே முடிவாகும். கட்டி 2 செ.மீ.க்கு மேல, மூணும் நெகட்டிவ் இல்லாட்டி ஹெர்2 பாசிட்டிவ், அக்குள்ல நெறி கட்டியிருக்கு, இப்படின்னா பல நேரம் கீமோதான் முதல்ல. கட்டி சுருங்குனா மார்பை முழுசா எடுக்காம கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுக்க வாய்ப்பு கூடும், தகுந்தவங்களுக்கு அப்படிச் செஞ்சாலும் ஆயுள் குறையலைன்னு 20 வருஷம் தொடர்ந்து பாத்த ஆய்வுகளே சொல்லியாச்சு. அவசரப்பட்டு கட்டியை வெட்டி எடுத்துட்டா இந்த வழியெல்லாம் அடைபட்டுப்போகும், வெட்டுன ஓரத்துல புற்று மிச்சம் இருக்கான்னு தெரியாம ரெண்டாவது ஆபரேஷனும் பண்ண வேண்டி வரும். இப்படி வர்ற பொண்ணுங்களைப் பாக்கும்போது எனக்குக் கோபம்தான் வருது.

எடுத்த எடுப்புலயே பெட் சிடின்னு உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க ஓடாதீங்க, ஆரம்ப நிலைன்னா, வேற தொந்தரவும் இல்லைன்னா அது தேவையே இல்ல.

எங்க போறதுன்னா மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கு, சென்னை வர முடிஞ்சா அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும், கார்டு இல்லைன்னா ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் ரெண்டையும் இப்பவே ரெடி பண்ணுங்க. ஆஸ்பத்திரி மாத்துனா ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்ஸி பிளாக்கையும் (மெழுகுல பதிச்ச திசுத் துண்டு) ஸ்லைடையும் (அதை மைக்ரோஸ்கோப்ல பாக்குற கண்ணாடித் தகடு) கேட்டு வாங்கிக்கணும். மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுன நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள நோய் என்னன்னு முடிவாகணும்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல இலக்கு வெச்சிருக்கு. நம்ம ஊர்ல அலையாம நேரா போனா ரெண்டு மூணு வாரத்துலயே முடிச்சிடலாம்.

அப்புறம், வீட்ல 30 தாண்டின மத்த பொண்ணுங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க, கையால பரிசோதிப்பாங்க, காசு கிடையாது. கையால பாத்து என்ன தெரியப்போகுதுன்னு கேக்காதீங்க. மும்பைல டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காரங்க ஒன்றரை லட்சம் பொண்ணுங்களை வெச்சு 20 வருஷம் பாத்த ஆய்வுல, பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால பாத்ததுலயே, 50 வயசு தாண்டினவங்கள்ல மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருக்கு.