வழுவழுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஞாயிறு காலைகளில் நண்பர்களுடன் பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறேன். பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது, இனி கடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அப்படியானால் நாங்கள் செய்வது வீண்தானா? மீன் சாப்பிடலாமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

கா., அடையாறு

அன்புள்ள கா.,

மீனை நான் சாப்பிடுகிறேன். அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள். விடியும் முன்னே எழுந்து, ஊரார் எறிந்ததைக் குனிந்து எடுக்கிற பிள்ளைக்கு என் சான்றிதழும் வேண்டாம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததும் உங்களுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்ததல்லவா? எனக்கு அதனோடுதான் சண்டை.

பட்டினப்பாக்கத்தில் ஒருமுறை, பெருமழை ஓய்ந்த வாரத்தில், அடையாற்று முகத்துவாரம் கக்கிய குப்பையோடு கரைவலை ஏறியது. மூலை கத்தரித்த பால் கவர் ஒன்றை எடுத்தேன். அச்செழுத்து ஒன்றுகூட மங்கவில்லை. கவரோ கையில் நிற்காமல் வழுக்கியது. தேய்த்தால் விரலில் பழுப்பாக ஒட்டியது. ஓரத்தில் கடுகளவில் நாலைந்து கொட்டலசு, படகடியில் ஒட்டி வளருமே அந்த ஓட்டுயிர். வலை இழுத்த பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முதலில் வழுவழுப்பு வரும் தம்பி, அப்புறம் பாசி, அப்புறம் கொட்டலசு. தண்ணீரில் கிடக்கிற எதையும் கடல் சும்மா விடாது.”

அந்த வழுவழுப்பு உயிருள்ளது. 1972இலேயே கார்பென்டர், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் அள்ளிய பிளாஸ்டிக் துணுக்குகளில் டயாட்டம் பாசிகள் ஒட்டியிருந்ததை எழுதினார்கள். 2013இல் வட அட்லாண்டிக் துணுக்குகளை ஆராய்ந்தவர்கள் 1000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைக் கண்டார்கள். ஒரு துணுக்கில் விப்ரியோ என்ற பாக்டீரியா இனம் மண்டிக் கிடந்தது. காலரா கிருமி அந்தக் குடும்பம்தான். சித்தப்பா இதை அனுப்பவில்லை, பாருங்கள்.

இவை பிளாஸ்டிக்கின் மேல் வாழ்கின்றன, ஐயா. மேல்! ஒண்டுக்குடித்தனக்காரர்கள் சுவரையா தின்கிறார்கள்? இந்தக் குடித்தனத்தில் வெயிலைக் கொண்டு தன் உணவைச் சமைப்பது ஒன்று, அதன் கழிவை உண்பது இன்னொன்று, இரண்டையும் பிடித்துத் தின்பது மூன்றாவது. சுவரைச் சுரண்டிப் பார்க்கிற ஒன்றிரண்டும் இருக்கலாம். நாம் கொட்டுகிற வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? குடித்தனம் பெருகினால் பளு ஏறி, மிதந்த கவர் மூழ்கிப்போகும். கண்ணில் படாததைத் தின்று தீர்ந்ததாகக் கணக்கெழுதுகிறோம். படித்தவர்களே இப்படி எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்தப்பா சொல்லும் பாக்டீரியா பொய்யல்ல. 2016இல் ஜப்பானியர்கள் அறிவித்த இடியோனெல்லா சகாயென்சிஸ்தான் அது. ஆனால் கிடைத்தது கடலில் இல்லை. சகாய் நகரில், பாட்டில் மறுசுழற்சி ஆலை ஒன்றில். 30 டிகிரி வெப்பத்தில் மெல்லிய பெட் படலம் ஒன்றைச் சிதைக்க அதற்கு ஆறு வாரம் ஆயிற்று. பெட் என்பது தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக். நீங்கள் பொறுக்குகிற கவர்களோ பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதற்கு இந்தப் பாக்டீரியாவிடம் பல் கிடையாது. இதை அப்படியே சித்தப்பாவுக்கு அனுப்பிவையுங்கள். வருத்தப்பட்டால் என்னோடு பேசச் சொல்லுங்கள்.