எரிசக்தி மன்றம் தொடங்குகிறீர்களா? முதலில் வளாகத்தின் கரண்ட் பில்லைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: தென்மாவட்டத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) படிக்கிறேன். இதே வளாகத்தில் சட்டம், வேளாண்மை, வணிகவியல், கட்டடக்கலை எல்லாம் இருக்கின்றன. எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து மாற்று எரிசக்தி பற்றிப் படிக்கவும் ஆராயவும் ஒரு மன்றம் தொடங்கினோம். சோலார் பற்றிச் சிறப்புரை வைத்தால் வந்தவர்கள் எல்லோரும் எங்கள் வகுப்புக்காரர்கள்தான். துறைத்தலைவர் இதை எங்கள் துறை அசோசியேஷனோடு சேர்த்துவிடச் சொல்கிறார். மற்ற துறையினரை எப்படிக் கொண்டுவருவது? முதல் வருஷம் என்ன செய்யலாம்?

பதில்: துறை அசோசியேஷனோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். துறைத்தலைவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், அறை, நிதி, அனுமதி எல்லாம் அங்கே சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பெயர்ப்பலகையில் இஇஇ என்று ஏறிவிட்டால் சட்டம் படிக்கிற பிள்ளை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மாணவர் நலன் டீன் அலுவலகத்தின் கீழ் பதிவு செய்யக் கேளுங்கள். ஆலோசகராக இரண்டு பேராசிரியர்கள், இரண்டு வேறு துறையிலிருந்து. உங்கள் துறைத்தலைவரே அதில் ஒருவராக இருக்கட்டும், அவருக்கும் வருத்தம் இருக்காது.

சிறப்புரைக்கு ஏன் யாரும் வரவில்லை என்றால், அந்த உரையில் அவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. 'எல்லாரும் வாங்க' என்று போஸ்டர் ஒட்டுவதால் பல துறை சேராது. ஒரு துறைக்காரர் தனியாக உட்கார்ந்து முடிக்க முடியாத கேள்வி ஒன்று வேண்டும். அந்தக் கேள்வி உங்கள் வளாகத்திலேயே இருக்கிறது, மாதாமாதம் நிர்வாக அலுவலகத்துக்கு வருகிற கரண்ட் பில்தான் அது. டீன் வழியாக எழுதிக் கேட்டு, கடந்த 12 மாத பில்லின் நகலை வாங்குங்கள். தர யோசித்தால் ரூபாய்க் கணக்கை மறைத்துவிட்டு யூனிட்டும் டிமாண்டும் (ஒரே நேரத்தில் வளாகம் இழுக்கிற மின்சாரத்தின் அளவு) மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள், ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

அந்தப் பில்லில் என்ன இருக்கிறது என்று ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன். உங்கள் அளவு வளாகத்துக்கு உயர் அழுத்த இணைப்புதான் இருக்கும், அதாவது ஹெச்.டி. வீட்டு பில் போல யூனிட்டுக்கு மட்டும் காசு கிடையாது. டிமாண்ட் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஹெச்.டி. இணைப்புக்கு, அந்த மாதம் பதிவான அதிகபட்ச டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் (இவ்வளவு வரை இழுப்போம் என்று மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்த அளவு) 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் 1000 கேவிஏ (டிமாண்டை அளக்கும் அலகு) என்று வையுங்கள், மே மாத விடுமுறையில் பதிவானது 650 தான் என்றாலும் 900-க்குக் கட்டியாக வேண்டும். கேவிஏ ஒன்றுக்கு மாதம் 500 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும், தொடாத 250 கேவிஏ-வுக்கு அந்த ஒரு மாதத்தில் ஒன்றேகால் லட்சம் போகிறது.

சரி, ஒப்பந்தத்தைக் குறைத்துவிடலாமா? அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. குறைத்த பிறகு ஏதாவது ஒரு மாதம் அதைத் தாண்டிவிட்டால் தாண்டிய அளவுக்கு அபராதக் கட்டணம் வரும். அதனால் வருஷம் முழுக்க உச்சம் எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று தெரிய வேண்டும். மீட்டர் டேட்டாவை நீங்கள் வரைபடமாகப் போடலாம். ஆனால் காலை 11 மணிக்கு ஏன் ஏறுகிறது என்பதை மீட்டர் சொல்லாது, வளாகத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்வார்: ஆடிட்டோரியம் ஏசி, பணிமனை லேத், ஹாஸ்டலுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் மூன்றும் அந்த நேரத்தில்தான் ஒன்றாக ஓடுகின்றன என்று. மோட்டாரை மத்தியானத்துக்கு மாற்ற ஹாஸ்டல் வார்டனிடம் பேச வேண்டும், அபராத விதியை ஒழுங்காகப் படித்துச் சொல்லச் சட்டம் படிக்கிறவர் வேண்டும், மிச்சம் எவ்வளவு என்று நிர்வாகத்துக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுத வணிகவியல் மாணவர் வேண்டும். இப்போது நீங்கள் அழைத்தால் அவர்களுக்கு வந்து செய்ய வேலை இருக்கிறது.

ஃபேன் கணக்கும் போட்டுப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி எனும் புதுவகை மோட்டார் ஃபேன் 30 வாட். 1000 ஃபேன், நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்தில் 200 நாள் என்றால் 72,000 யூனிட் மிச்சம். உடனே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லத் தோன்றும். வணிகவியல் மாணவர் ஓடிக்கொண்டிருக்கிற நல்ல ஃபேனைக் கழற்ற விடமாட்டார், பழுதாகும்போது மாற்றினால் கூடுதல் விலைக்கு மட்டும்தான் கணக்குச் சொல்ல வேண்டும், போட்ட காசு சீக்கிரம் திரும்பும் என்பார். அவர் சொல்வதுதான் சரி, நிர்வாகமும் அதைத்தான் ஏற்கும்.

மெஸ் கழிவு வேளாண்மைக்காரர்களுக்கானது. நாளைக்கு நூறு கிலோ உணவுக் கழிவு என்றால், அதிலிருந்து சுமார் 10 கன மீட்டர் சாண எரிவாயு போன்ற வாயு கிடைக்கும், அது நாலரை கிலோ சமையல் கேஸுக்குச் சமம். 19 கிலோ சிலிண்டர் நாலு நாளைக்கு ஒன்று மிச்சம். இதெல்லாம் கழிவு பிரிந்து வந்தால்தான், அதனால் பாத்திரம் கழுவுகிற அக்காக்களிடம் முதலில் பேசுங்கள், எந்த நாளில் எவ்வளவு மிஞ்சும் என்று அவர்களுக்கு அத்துப்படி. மொட்டைமாடி சோலாரைக் கட்டடக்கலைக்காரர்களிடம் விடுங்கள்: ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நம் ஊர் வெயிலுக்கு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட், தண்ணீர்த் தொட்டி நிழல் எங்கே விழுகிறது என்பதுதான் பாக்கி.

வெளியே போக வேண்டுமென்றால் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம்தானே இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் போங்கள். பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியது நிறுத்துவதற்கு அரசு 2024-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நீங்கள் இறக்கையையும் டவரையும் பாருங்கள். உடன் வருகிற சமூகவியல் மாணவர் பக்கத்து ஊரில் போய், நிலம் விற்றவர் யார், குத்தகைக்கு விட்டவர் யார், காற்றாலைக்குக் கீழே இன்னும் உழுகிறார்களா என்று கேட்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது எரிசக்தி ஆய்வு என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய இடங்களிலும் மாணவர்கள்தான் முந்திக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் எனர்ஜி கிளப் என்ற மாணவர் மன்றம் 2004-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் டேனியல்சன் அப்போது பொருளறிவியல் ஆராய்ச்சி மாணவர். பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாக எரிசக்திக்கென்று எம்ஐடி எனர்ஜி இனிஷியேட்டிவ் என்ற அமைப்பை ஏற்படுத்தியது 2006-இல்தான். பொறியியல் மாணவர்களும் நிர்வாகவியல் மாணவர்களும் சேர்ந்து நடத்துகிற வருடாந்திர மாநாடும் அங்கே உண்டு. டேனியல்சன் பின்னாளில் அந்நாட்டு எரிசக்தித் துறையில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பிரிவுக்கே தலைமை வகித்தார்.

நடைமுறைக்குச் சில விஷயம். பொறுப்பாளர்களில் ஒரே துறையிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அடுத்த வருஷத் தலைவர் இஇஇ-யாக இருக்கக் கூடாது என்று இப்போதே எழுதி வையுங்கள். கூட்டத்தை உங்கள் லேபில் வைக்காதீர்கள், கேன்டீனோ நூலகமோ பொது இடம் நல்லது. கிலோவாட்டுக்கும் யூனிட்டுக்கும் வித்தியாசம் கேட்டு யாராவது வந்தால் யாரும் சிரிக்கக் கூடாது, அந்தக் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லத் தெரியாதவர் மேடையேறவும் கூடாது. அப்புறம், பில் நகல், மீட்டர் டேட்டா, யாரிடம் என்ன கேட்டோம் என்ற குறிப்பு எல்லாம் ஒரே இடத்தில், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். நீங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட், பிளேஸ்மென்ட் என்று ஓட ஆரம்பித்ததும் மன்றம் நிற்காமல் இருக்க அதுதான் வழி.

டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சிக்கன நாள். அன்றைக்கு இன்னொரு சிறப்புரை வேண்டாம். டிமாண்ட் கணக்கு, ஃபேன் கணக்கு, மெஸ் கணக்கு மூன்றையும் துணைவேந்தர் முன்னால் பத்துப் பத்து நிமிடம் சொல்லுங்கள், டிமாண்ட் கணக்கைச் சட்ட மாணவர் சொல்லட்டும். ஆறு மாதம் கழித்து ஒப்பந்த டிமாண்டைக் குறைத்தார்களா இல்லையா என்று எழுதுங்கள், குறைக்கவில்லை என்றால் அந்தப் பில்லையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.